“எங்கடை நண்டை அளந்தியள், என்ன கண்டனியள்?”

அன்புள்ள அண்ணா,

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு, கடல்வளப் பாதுகாப்புக்கான தொண்டு நிறுவனம் ஒன்றில் திட்ட இணைப்பாளராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. தீவகத்தில் மூன்று கிராமங்கள் என் பொறுப்பு. திட்டம் நீலக்கால் நண்டு பற்றியது. சினை நண்டையும் சின்ன நண்டையும் விடச் சொல்கிறோம், கண் பெரிய வலைக்கு மாறச் சொல்கிறோம், பிடிபாட்டுக் கணக்கு எடுக்கிறோம். போன மாதம் கடற்றொழிலாளர் சங்க மண்டபத்தில் நான் படம் போட்டு விளக்கி முடித்ததும் ஒரு ஐயா எழும்பி, “பிள்ளை, எங்களுக்கு வந்து சொல்லுறியள். றோலர் வந்து வலையை அள்ளிக்கொண்டு போகுது. அவனுக்கு ஆர் சொல்லுறது?” என்று தமிழ்நாட்டில் இருந்து வரும் இழுவைப்படகுகளைச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அலுவலகத்தில் சொன்னபோது, அது நம் திட்டத்துக்குள் வராத விஷயம், பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை அனுப்புங்கள் என்றார்கள். நான் செய்வது உண்மையான வேலைதானா? விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு வாசகி, வேலணை

*

அன்புள்ள தங்கைக்கு,

பதில் வராமல் போனதற்கு வெட்கப்படாதீர்கள். பதினொரு வருடம் இந்த வேலையைச் செய்த என்னிடமும் அந்தக் கேள்விக்கு மண்டபத்தில் எழுந்து நின்று சொல்லும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கொஞ்சம் தெரியும்.

முதலில், ஐயா சொன்னது உண்மை. நண்டு வலை கடலடியில் கிடக்கும் வலை. பின்னேரம் விட்டுவிட்டு வந்து விடியப் போய் எடுப்பார்கள். றோலரின் மடிவலையும் அதை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகைகளும் அதே அடியை உழுதுகொண்டுதான் வரும். இரவில் ஒன்று கடந்தால் போதும், விடியப் போகிறவருக்கு வலையும் இல்லை, மிதப்பும் இல்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் நம் கரையில் ஆட்கள் வலை விடும் நிம்மதியை நீங்கள் கண்ணால் பார்க்கவேண்டும். மற்ற மாதங்களில் றோலர் வரும் திங்கள், புதன், சனி என்றால் வலையை வீட்டிலேயே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. வலை கடனுக்கு வாங்கியது. பல வீடுகளில் அதற்காக நகை அடைவில் இருக்கும்.

இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017 யூலையில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணைதான் அந்தத் திருத்தச் சட்டமாக வந்தது. நம் கரையிலும் றோலர் வைத்துத் தொழில் செய்தவர்கள் உண்டு, சட்டம் அவர்களுக்கும் சேர்த்துத்தான். அக்கரையில் இருந்து வருகிறவர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் மறைக்காமல் பேசவேண்டும். கசப்பாக இருக்கும், ஆனால் பேசினால்தான் உங்களை நம்புவார்கள்.

சரி, இனி என் கதை. நான் சேர்ந்த முதல் வருடம் நண்டு அளந்தேன். ஓட்டின் ஒரு முள்முனையில் இருந்து மறுமுனை வரை எத்தனை சென்டிமீற்றர், ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று விடிய ஐந்து மணிக்கே கரையில் நின்று எழுதினேன். எல்லாம் கணினியில் ஏறி, அறிக்கையாகி, வெளிநாட்டுக்குப் போனது. நல்ல அறிக்கை என்று பாராட்டும் வந்தது. அடுத்த வருடம் அதே கரையில், வலையில் நண்டு கழட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார்: “தம்பி, ஒரு வருசமா எங்கடை நண்டை அளந்தியள். என்ன கண்டனியள் எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லையே?”

அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அவருடைய நண்டு, அவருடைய நேரம், அவருடைய கடல். கணக்கு மட்டும் எங்களுடையதாகிவிட்டது.

அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மணித்தியாலத்தில் கற்றது அதுவரை போன பயிற்சிப் பட்டறைகளில் கிடைக்கவில்லை. ‘சினை நண்டைக் கடலில் விடுங்கள்’ என்று நாங்கள் ஆண்களைக் கூப்பிட்டு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் நண்டு வலையோடு சுருண்டு கரைக்கு வருகிறது. கழட்டுவது பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். அவர்கள் கைக்கு வரும்போது நண்டு தண்ணீரை விட்டு வந்து நேரமாகியிருக்கும். கழட்டும்போது காலும் ஒடியும். அதைத் தூக்கிக் கரையோரத் தண்ணீரில் போட்டால் அந்தச் சினை பிழைக்குமா? சினை முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கறுத்துவரும். எந்தக் காலத்தில், எந்தப் பக்கத்து வலையில் கறுத்த சினை கூடுதலாக வருகிறது என்று அந்த அம்மா விரல் மடித்துச் சொன்னார். என் அட்டவணையில் ‘சினை உண்டு, இல்லை’ என்று இரண்டே கட்டம்தான்.

அதற்குப் பிறகுதான் பேச்சு மாறியது. பிடித்த நண்டை விடுவதை விட, அந்த இடத்தில் அந்தக் காலத்தில் வலை விடாமல் இருப்பது பலன் தரும் என்று அவர்களே சொன்னார்கள். நண்டுக் குஞ்சு வளர்வது சாதாளை என்ற கடற்புல் படர்ந்த ஆழம் குறைந்த இடத்தில் என்பது அவர்களுக்கு எங்களுக்கு முன்பே தெரியும். சின்ன நண்டு விஷயத்தில் சாவி கரையில் இல்லை, வாங்குகிற இடத்தில் இருக்கிறது. முற்பணம் வாங்கியவர் அந்த வியாபாரியிடம்தான் கொடுக்கவேண்டும். அவர் சின்னதையும் தராசில் போட்டு எடுக்கும்வரை பத்து வகுப்பு எடுத்தாலும் சின்ன நண்டு வந்துகொண்டுதான் இருக்கும். அவர் எடுக்கமாட்டேன் என்ற நாளில் இருந்து கண் பெரிய வலையைப் பற்றி ஆட்களே விசாரிப்பார்கள். உங்கள் மூன்று கிராமங்களில் நண்டு வாங்குகிறவர்கள் யார் யார், உங்கள் கூட்டங்களுக்கு அவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று பாருங்கள்.

இனி றோலர். எங்கள் பிடிபாட்டுப் புத்தகத்தில் கொடையாளர் கேட்ட நிரல்கள் எல்லாம் இருந்தன. ஒரு சங்கத் தலைவர் பேனையை வாங்கிக் கடைசியில் ஒரு கோடு கீறி, ‘வலை இழப்பு’ என்று எழுதினார். எந்த நாள், எந்த இடம், எத்தனை துண்டு, என்ன பெறுமதி. எங்கள் அலுவலகத்திலும் உங்களுக்குச் சொன்னதையே சொன்னார்கள், இது திட்டத்துக்குள் வராது என்று. நான் சண்டை பிடித்தேன். வலை போனால் அந்த வாரம் பிடிபாடு குறையும். அந்தக் குறைவு நண்டு குறைந்ததாலா, வலை போனதாலா என்று தெரியாமல் வைத்திருக்கும் கணக்கு பிழையான கணக்கு. இந்த நியாயம் அவர்களுக்குப் புரிந்தது. நீங்களும் இதையே சொல்லிப் பாருங்கள்.

அந்த நிரலால் றோலர் நிற்கவில்லை. அது இரண்டு நாட்டு அரசுகளின் விஷயம், 1974இலும் 1976இலும் கீறிய கடல் எல்லையின் விஷயம், அக்கரையில் படகில் பணம் போட்டவர்களின் விஷயம். ஆனால் சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்தில் இருந்து கடற்றொழில் திணைக்களத்துக்குப் போனவர்கள் அதுவரை “கனக்க வலை போச்சு” என்று சொல்லிவிட்டு வந்தவர்கள், பிறகு திகதி போட்ட புத்தகத்தோடு போனார்கள். பேச்சைக் கேட்ட அதிகாரி அதைக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புத்தகம் எங்களிடம் இருந்திருந்தால் இது நடந்திராது. அது சங்கத்தின் அலுமாரியில் இருந்தது, பிரதிதான் எங்களிடம்.

பயிற்சி எண்ணிக்கையை அனுப்புங்கள். கொடையாளருக்குக் கணக்குக் காட்டுவதும் நேர்மையான வேலைதான். ஆனால் அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில், எடுத்த கணக்கைக் கிராமத்துக்குத் திருப்பிச் சொல்ல என்று பணமும் நாட்களும் கேளுங்கள். மூன்று கிராமத்துக்கும் வருடத்துக்கு இரண்டு தடவை. திரையில் படம் வேண்டாம். பெரிய கடதாசியில், அவர்கள் சொல்லும் மாதப் பெயரோடு, சோளகம் வாடை என்ற காற்றுக் கணக்கோடு எழுதிக்கொண்டு போங்கள். பின்னேரக் கூட்டத்துக்கு வராத பெண்கள் காலையில் நண்டு கழட்டும் இடத்தில் இருப்பார்கள், அங்கே போய்ச் சொல்லுங்கள். நீங்கள் பெண்பிள்ளை, எனக்கு ஒரு வருடம் எடுத்த அந்த இடம் உங்களுக்கு முதல் நாளே கிடைக்கும்.

விடவேண்டாம் தங்கச்சி. ஐயா உங்களிடம் கேட்டார் என்றால், நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள் என்று நினைத்துத்தான் கேட்டார். அடுத்த முறை போகும்போது அவருடைய வீட்டுக்கே போங்கள். கடைசியாக வலை போனது எந்த நாள், எந்தப் பக்கம், எத்தனை துண்டு என்று கேட்டு அவருக்கு முன்னாலேயே எழுதுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா