நான்கு வரி மாற்றமும் 079 என்ற தீர்க்கரேகையும்

படகு ஜிபிஎஸ் அனுப்பும் என்எம்ஈஏ 0183 (கடற்கருவிகள் தரவு அனுப்பும் வடிவம்) வரிகளைப் படிக்கும் திறமூல சி நூலகம் ஒன்றில், ஏ-டூ-ஐ (atoi) இருந்த இடத்தில் ஸ்ட்ர்-டூ-எல் (strtol) வைக்கும் நான்கு வரி மாற்றத்தை அண்மையில் மதிப்பாய்வு செய்து, ஏற்காமல் நிறுத்தி வைத்தேன். இரண்டுமே எழுத்தாக வரும் எண்ணை மதிப்பாக மாற்றும் சி மொழிச் சார்புகள். அதைப் பற்றி நம் கடற்கரை நண்பர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

மண்டபம், கல்லூரி மாணவி: ஏ-டூ-ஐயை நீக்குவது நல்லதுதானே, ஐயா? ஏன் நிறுத்தி வைத்தீர்கள்?

நோக்கம் நல்லதே. ஏ-டூ-ஐ எழுத்துக் குப்பையைக் கொடுத்தாலும் 0 என்றே திருப்பித் தரும். பிழை நடந்ததை அறிய வழியில்லை. ஆனால் மாற்றியவர் ஸ்ட்ர்-டூ-எல்லின் மூன்றாவது ஆர்குமென்ட்டாக (சார்புக்குத் தரும் மதிப்பு) 10, அதாவது நாம் வழக்கமாக எண்ணும் பத்தடிமானம், தராமல் 0 தந்திருந்தார். அப்படித் தந்தால், எண் எழுதப்பட்ட விதத்தைப் பார்த்து அதன் அடிமானத்தை அந்தச் சார்பே முடிவு செய்யும். முன்னால் சுழியம் இருந்தால் எட்டடிமானம் (0 முதல் 7 வரை மட்டும் இலக்கங்கள் கொண்ட எண்முறை) என்று கொள்ளும். பாம்பன் அருகே நிற்கும் படகின் அட்சரேகைப் பாகை 09 என்றும் தீர்க்கரேகைப் பாகை 079 என்றும் வரும். எட்டடிமானத்தில் 9 என்ற இலக்கமே இல்லாததால், முன்னது 0 ஆகவும் பின்னது 7 ஆகவும் நின்றுவிடும். பாக் நீரிணையில் வலை வீசும் படகு ஆப்பிரிக்காவின் கினி வளைகுடாவில் மிதப்பதாகத் திரை காட்டும். இத்தனைக்கும், வாசிப்பு எந்த எழுத்தில் நின்றது என்று சொல்லும் இரண்டாவது ஆர்குமென்ட்டில் அவர் நல் (NULL, அந்தத் தகவல் வேண்டாம் என்பது) போட்டிருந்தார். பிழையைப் பிடிக்க வந்த சார்பின் கண்ணையே கட்டிவிட்டார்.

கீழக்கரை, மென்பொருள் பணியாளர்: சோதனைகள் எல்லாம் தேறியிருந்தனவே?

சோதனைக்கு வைத்திருந்த இடம் ஆம்ஸ்டர்டாம்: 52, 004. முதல் எண்ணின் முன்னால் சுழியமே இல்லை. இரண்டாவது, எட்டடிமானத்திலும் நான்குதான். ஆகவே 0917.28 வடக்கு, 07918.78 கிழக்கு (9 பாகை 17.28 நிமிடம், 79 பாகை 18.78 நிமிடம்) என்ற ராமேசுவரம் வரியை நான் சேர்த்து ஓட்டினேன், உடனே தோற்றது. மாற்றத்தின் வரிகளை மட்டும் படித்தால் இது தெரியாது. அவற்றுக்குள் எந்த மதிப்புகள் வந்து சேரும் என்று கேட்க வேண்டும்.

தங்கச்சிமடம்: இடைவெளி, மாறிப் பெயர் பற்றியும் சொன்னீர்களா?

இல்லை. அது தனி மாற்றமாக வரட்டும்.

ஏர்வாடி: வரியை ஏந்தும் பஃபர் (தற்காலிக நினைவிடம்) 82 பைட் போதுமா?

ஒரு வரியின் தொடக்க டாலர் குறியும் வரியிறுதி எழுத்துகள் இரண்டும் சேர்த்தே உச்சம் 82 எழுத்துகள். அவ்விரண்டையும் நீக்காமல் சேமித்தால், சி மொழியில் முடிவைக் குறிக்கும் நல் (NUL) எழுத்துக்கு 83ஆவது பைட் தேவை.

மண்டபம், அதே மாணவி: பங்களிப்பாளர் மனம் நோகாமல் எப்படிச் சொன்னீர்கள்?

கொடுத்த வரி, எதிர்பார்த்த மதிப்பு, வந்த மதிப்பு ஆகிய மூன்றை மட்டும் எழுதினேன். மறுநாள் 0 இருந்த இடத்தில் 10 வந்தது. எட்டடிமானத்தில் சத்தமில்லாமல் 11 ஆகிவிடும் 013-க்கும் அவரே ஒரு சோதனை சேர்த்திருந்தார். அது எனக்குத் தோன்றாத ஒன்று.