கிறிஸ்தவர்கள் சாவுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று நம்புகிறார்கள்? வாக்குத்தத்தம், இரட்சிப்பு என்பதெல்லாம் என்ன?

கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். ராயபுரத்தில் நண்பரின் அம்மா இறந்ததற்குப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் "அம்மா இந்நேரம் பரலோகத்துல இருப்பாங்க" என்றாராம். இன்னொருவர் "வருகை வரைக்கும் தூங்குறாங்க" என்றாராம், அதாவது இயேசு திரும்பி வரும் நாள் வரைக்கும். மூன்றாமவர் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கச் சொன்னாராம். இதில் எது கிறிஸ்தவ நம்பிக்கை, எரித்தால் உயிர்த்தெழ முடியாதா, இந்துவான என் கதி என்ன என்று கேட்கிறார்.

மூன்றுமே கிறிஸ்தவ நம்பிக்கைதான். எங்கள் வீட்டிலேயே எல்லாம் உண்டு. நான் தண்டையார்பேட்டை சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட். அம்மாவைப் பெற்ற ஆயா கத்தோலிக்கர், கம்பெனிக் காலத்துப் படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் கோயில் பங்கு. வியாசர்பாடி சித்தி பெந்தெகொஸ்தே. குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் ஒரே பந்தலுக்கடியில் ஒரு பக்கம் ஜெபமாலை, ஒரு பக்கம் பாமாலை, ஒரு பக்கம் ஆவி வந்து பேசும் அந்நியபாஷை. இருட்டினால் தெருமுனையில் மரண கானாவும் சேர்ந்துகொள்ளும். யாரும் யாரையும் நிறுத்தச் சொல்வதில்லை.

ஆனால் நீங்கள் கேட்ட மூன்று பதிலும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியவை, அதாவது இறந்த நேரத்திலிருந்து கடைசி நாள் வரைக்கும். கிறிஸ்தவம் அழுத்திச் சொல்வது அதற்கு அடுத்த கட்டத்தை. அதைப் பற்றித்தான் சாவு வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஞாயிறுதோறும் ஆராதனையில் எழுந்து நின்று, எதை நம்புகிறோம் என்ற விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறோம். அதில் "ஆத்துமா மேலே போகும்" என்று ஒரு வரிகூடக் கிடையாது. "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்" என்றுதான் முடிகிறது. சரீரம் என்றால் உடம்பு. கத்தோலிக்கரும் சொல்கிறார்கள், நாங்களும் சொல்கிறோம். வேகமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

உடம்பு எப்படித் திரும்ப எழும்? கிறிஸ்தவர்களிடம் இதற்கு இருப்பது ஒரே ஒரு முன்மாதிரி, உயிர்த்தெழுந்த இயேசு. லூக்கா 24ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அவர் வந்து நடுவில் நிற்கிறார். சீஷர்கள் ஆவி என்று பயந்து நடுங்குகிறார்கள். அவர் கையையும் காலையும் காட்டுகிறார், அப்போதும் நம்பவில்லை. உடனே அவர் கேட்பது, "புசிக்கிறதற்கு ஏதாகிலும் இங்கே உங்களிடத்தில் உண்டா?" பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார். யோவான் 21இல் இன்னும் ஒரு படி மேலே. இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் விடியற்காலையில் கரைக்கு வருகிறவர்களுக்கு, கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்திருக்கிறார். அவர் சொன்ன பக்கம் வலை போட்டதில் அன்றைக்கு அகப்பட்ட மீன் 153 என்று எண்ணிக்கையோடு எழுதிவைத்திருக்கிறார்கள். காசிமேட்டில் ஏலம் பார்த்து வளர்ந்த எனக்கு, மீன்காரர்கள் எண்ணாமல் விடமாட்டார்கள் என்பதில் எந்த ஆச்சரியமும் இல்லை.

அதே உடம்பு பூட்டிய கதவுக்கு உள்ளேயும் வந்து நிற்கிறது. ஆணிக் காயம் ஆறி மறையாமல் அப்படியே இருக்கிறது. தோட்டக்காரர் என்று நினைத்த மகதலேனா மரியாள், பேர் சொல்லிக் கூப்பிட்டதும் அடையாளம் கண்டுகொள்கிறாள். ஆக, அதே ஆள், ஆனால் சாவு இனி தொட முடியாத உடம்பு. உங்கள் நண்பர் "அம்மாவை மறுபடி பார்ப்பேன்" என்று சொன்னால், அவர் இதை நம்பித்தான் சொல்கிறார். ஆதிச் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் இந்த விஷயத்தில் சமரசமே செய்துகொள்வதில்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று கொரிந்து சபைக்கு எழுதிவிட்டார். உயிர்த்தெழுதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல போதனை மட்டும்தான், அதற்காக நான் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

எழுந்த பிறகு எங்கே? இங்கேயும் பொது எண்ணம் கொஞ்சம் தடம் மாறிப் போயிருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21இல் மனிதர்கள் மேலே ஏறிப் போவதில்லை, நகரம் கீழே இறங்கி வருகிறது. புதிய வானம், புதிய பூமி. கடவுள் மனிதர்களோடு வந்து குடியிருக்கிறார், கண்ணீரைத் துடைக்கிறார், மரணம் இல்லை. அந்தப் பகுதியின் முதல் வசனமே "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று முடியும். ஆயா வீட்டுப் பக்கம் ஒரு துக்கத்தில் இதை வாசித்தபோது, படகு வைத்திருந்த மாமா ஒருவர் என் காதருகே "கடல் இல்லன்னா நாம எங்கடா போறது?" என்று முணுமுணுத்தார். நியாயமான கேள்விதான். அந்தப் புத்தகத்தில் கடல் என்பது அழிவு கிளம்பி வரும் இடம், மிருகம் ஏறி வருவதும் அங்கிருந்துதான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வந்த சுனாமிக்குப் பிறகு, எங்கள் பக்கம் இதற்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

சரி, இடைப்பட்ட காலத்துக்கு வருவோம். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். இதை வைத்து, விசுவாசி இறந்த உடனே கிறிஸ்துவோடு இருக்கிறார், உயிர்த்தெழுதல் பிறகு வரும் என்பார்கள் எங்கள் சபையில். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" என்ற பிரசங்கி வசனத்தை வைத்து, கடைசி எக்காளம் வரைக்கும் நினைவில்லாத தூக்கம் என்பவர்கள் அட்வென்டிஸ்டுகள் என்ற சபையார். கத்தோலிக்கரிடம் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று உண்டு. கடவுளுடைய அருளில்தான் இறந்தார், ஆனால் முழுதாகச் சுத்தமாகவில்லை என்றால் அங்கே சுத்திகரிக்கப்படுவார், உயிரோடு இருப்பவர்களின் ஜெபமும் பூசையும் அவருக்கு உதவும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டம் நிரம்பி வழிவது இதனால்தான். இதற்கு ஆதாரமாகக் காட்டும் மக்கபேயர் இரண்டாம் புத்தகம் எங்கள் வேதாகமத்தில் இல்லை, அதனால் நாங்கள் செத்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. ஆயாவுக்கு மட்டும் நான் ஜெபித்திருக்கிறேன். எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், சொல்லவில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளில் இதற்கு மேல் இரகசிய வருகை என்று ஒன்று. விசுவாசிகள் திடீரென்று எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் ஏழு வருட உபத்திரவத்தில் மாட்டுவார்கள். இந்த வரிசைக்கிரமம் 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்பவரால் பரவியது, அதற்கு முந்தைய சபைகள் இதை இப்படிப் போதித்ததில்லை. சித்தி பையன் ஒருநாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, ஆள் இல்லை. எல்லாரும் எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டார்கள், தான் மட்டும் கைவிடப்பட்டான் என்று மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே அழுகை. சித்தி மெட்ரோ வாட்டர் லாரியில் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பயத்தைக் காட்டி விசுவாசம் வளர்க்கும் பிரசங்கங்களில் எனக்கு மரியாதை இல்லை.

வாக்குத்தத்தம் பற்றிக் கேட்டீர்கள். கடவுள் கொடுக்கும் வாக்குதான் அது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் வசன அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதுதான் அந்த வருட வாக்குத்தத்தம். ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரே அறையில் குடியிருக்கும் சித்திக்கு "எல்லைகளை விஸ்தாரமாக்குவேன்" என்று வரும். அதை பீரோ கண்ணாடியில் ஒட்டி வைப்பார். கேலி செய்ய மனசு வராது, அந்த அட்டைதான் அவரை வருடம் பூராவும் நிமிர்ந்து நடக்க வைக்கிறது. ஆனால் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்ற அட்டை அந்தத் தட்டில் வந்து நான் பார்த்ததில்லை. அதுவும் இயேசு சொன்னதுதான்.

அட்டையில் அதிகம் அடிபடும் வசனம் எரேமியா 29:11. கடவுள் உங்கள்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று வரும். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. பாபிலோனுக்குச் சிறை போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது, திரும்பி வர எழுபது வருடம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் அங்கேயே செத்துப் போயிருப்பார்கள். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க ஜெபியுங்கள் என்கிறது கடிதம்.

ஆபிரகாம் கதையும் இதேதான். கானான் தேசம் முழுவதும் உனக்கும் உன் சந்ததிக்கும் என்று கடவுள் வாக்குக் கொடுக்கிறார். சாராள் இறந்தபோது புதைக்க அவருக்கு ஓர் அடி மண் இல்லை. ஏத்தின் புத்திரரிடம் கும்பிட்டுக் கேட்டு, 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, மக்பேலா குகையை வாங்குகிறார். வாக்குப்பண்ணப்பட்ட தேசத்தில் அவர் கிரயம் பேசி வாங்கிய நிலம் ஒரு கல்லறைதான். காசிமேட்டில் குழிக்கு இடம் கேட்டு அலைந்த குடும்பங்கள் இந்த அதிகாரத்தை வாசித்தால் விளக்கவுரை தேவைப்படாது. எபிரெயர் நிருபம் இவர்களைப் பற்றி, வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல் தூரத்திலே கண்டு விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறது. கிறிஸ்தவ வாக்குத்தத்தம் ஓர் ஆயுளுக்குள் அடங்குகிற சமாச்சாரம் கிடையாது. ஒரு ஆயுளுக்குள் அடங்காததால்தான் உயிர்த்தெழுதல் தேவைப்படுகிறது, இல்லாவிட்டால் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு பாதியில் நின்றுவிடும். பவுல் பரிசுத்த ஆவியை அச்சாரம் என்கிறார். வீடு பார்த்துக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி. சாவி இன்னும் கைக்கு வரவில்லை.

இரட்சிப்பு என்பது பாவத்திலிருந்தும் மரணத்திலிருந்தும் மீட்கப்படுவது. மூலக்கடை பஸ் ஸ்டாப்பில் கைப்பிரதி கொடுப்பவர் "நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா?" என்று கேட்பார், தேதி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார். பவுலே ஒரு இடத்தில் இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறார், இன்னொரு இடத்தில் இரட்சிக்கப்படுகிற நமக்கு என்கிறார், வேறொரு இடத்தில் இரட்சிக்கப்படுவோம் என்கிறார். கிருபையா, நற்செயலா என்று 16ஆம் நூற்றாண்டில் சபையே பிளந்தது. 1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதில் பெரும்பகுதி ஒத்துப்போகிறோம் என்று சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். மீட்பு கடவுளின் இலவச ஈவு, நற்செயல் அதன் பலன் என்பது அதன் சாரம்.

இந்துவான உங்கள் கதி? "என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" என்று இயேசு சொல்லியிருக்கிறார், அதை மழுப்ப மாட்டேன். அதை நேரடியாக எடுத்துக்கொண்டு, விசுவாசிக்காதவர்களுக்கு நரகம்தான் என்று நம்புகிறவர்கள் நிறைய. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல், தன் தவறில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் மனசாட்சிப்படி கடவுளைத் தேடுகிறவர்களும் மீட்படையலாம் என்றது. என் கணக்கு இது: மத்தேயு 25இல் நியாயத்தீர்ப்பில் நிற்கிறவர்களிடம் எந்த சபை என்று கேட்கவில்லை, பசித்தவனுக்குச் சோறு போட்டாயா என்றுதான் இயேசு பார்க்கிறார். வலது பக்கம் நின்றவர்கள், எப்போது போட்டோம் என்று விழிக்கிறார்கள். தீர்ப்பு சொல்லும் வேலை அவருடையது. அதை நான் எடுத்துக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

எரிப்பதைப் பற்றி: உயிர்த்தெழுதலுக்கு எரிப்பது தடையே இல்லை. கடலில் போனவர்களும் தீயில் போனவர்களும் இருக்கிறார்களே. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு அனுமதி கொடுத்தது. சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது, கல்லறையிலோ அதற்கென்று உள்ள இடத்திலோ வைக்க வேண்டும் என்று 2016இல் வழிகாட்டுதல் வந்தது. ஆனாலும் எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். இட நெருக்கடியில் குடும்பக் கல்லறையையே திறந்து, பழைய எலும்புகளை ஓரமாக ஒதுக்கி, அடுத்தவரை வைப்பதும் சகஜம்.

அப்புறம், நண்பர் வீட்டில் முப்பதாம் நாள் பூசைக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் மட்டும் சேராமல் உங்கள் இடத்திலேயே இருந்தால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாப்பிடாமல் கிளம்பினால்தான் நினைப்பார்கள்.