அயல்மண்ணில் நோன்புக் காலம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூரிலிருந்து ஆறு வயது மகளுடன் மஸ்கட்டுக்கு வந்து, கணவரோடு ரூவி பகுதியில் குடியேறியிருக்கிறேன். ரமலான் மாதம் நெருங்குகிறது. வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் சிறை என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். பகலில் வீட்டில் தாளிதம் போடலாமா, குழந்தைக்கு என்ன செய்வது, மரியாதைக்காக நானும் சில நாள் நோன்பிருக்க வேண்டுமா என்பவற்றை விளக்க வேண்டுகிறேன்.
– திருப்பூர் வாசகி, மஸ்கட்

பதில்: சகோதரி, பக்கத்து வீட்டார் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ரமலான் பகலில் பொது இடத்தில் உண்பதும் குடிப்பதும் ஓமானில் சட்டப்படி குற்றம். 2018ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் இதற்குப் பத்து நாள் முதல் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. குவைத்தில் 1968 முதலே இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது; அங்கே நூறு தினார் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் இவையெல்லாம் பொது இடத்துக்கானவை. உங்கள் வீட்டுக் கதவுக்குள் நீங்கள் சமைப்பதையும் சாப்பிடுவதையும் எவரும் கேட்கப்போவதில்லை, தாராளமாகத் தாளிக்கலாம். சாலையில் ஓடும் உங்கள் சொந்தக் காரை மட்டும் வீடாக எண்ணிவிடாதீர்கள். சிக்னலில் நிற்கும்போது பாட்டிலை எடுத்து வாயில் வைப்பதும், சூயிங்கம் மெல்லுவதும், புகைப்பதும் பொது இடத்தில் செய்வதாகவே கொள்ளப்படும். பெரும்பாலான உணவகங்கள் பகலில் மூடியிருக்கும் என்பதால், வெளியில் நீண்ட நேரம் ஆகும் வேலைகளை மாலைக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது. கடைவீதிகளும் இரவில்தான் களைகட்டும்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பருவம் எய்தாத குழந்தைகளுக்கு இஸ்லாத்திலேயே நோன்பு கடமையில்லை. சிறு குழந்தை பசியில் சாப்பிடுவதை அங்கே யாரும் குறையாகக் காணமாட்டார்கள். பள்ளியில் டிபன் பாக்ஸை எங்கே திறப்பது என்பதை வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவளோடு படிக்கும் பிள்ளைகளில் சிலர் ஆசைக்காக அரைநாள் நோன்பு வைத்து வருவார்கள். அவர்கள் முகத்துக்கு நேராக முறுக்கை நீட்டக் கூடாது என்பதை மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ரமலான் நடுவில், பதினான்காம் நாள் மாலையில், ஓமானியச் சிறுவர் சிறுமியர் கரங்கஷோ என்று பாடிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். மிட்டாய், கொட்டை வகைகள், சில்லறைக் காசு ஆகியவற்றை ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வையுங்கள். அந்த ஊரில் உங்கள் மகளுக்குத் தோழிகள் கிடைக்க அதைவிட நல்ல மாலை வேறு இல்லை என்பேன்.

மரியாதைக்காக நோன்பிருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கிராமத்தில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, ஊரே விரதத்தில் இருக்கும்போது, அங்கே வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வெளியூர்க்காரர் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. கம்பத்தடியில் செருப்போடு நிற்காமல், தெருவில் கவிச்சி வாசம் கிளப்பாமல் இருந்தாலே ஊராருக்குப் போதும். இதையும் அப்படியே கொள்ளுங்கள். தோழியோடு சேர்ந்து ஒரு நாள் இருந்து பார்க்க உங்களுக்கே உள்ளூர ஆசை இருந்தால் இருக்கலாம். பெரும்பாலும் அவர்கள் மகிழவே செய்வார்கள். ஆனால் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதற்காகச் செய்வதாக இருந்தால், மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருப்பது மேல்.

உடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வரி: தோளும் முழங்காலும் மறையும் சுடிதார் போதும்; முக்காடு, பள்ளிவாசலுக்குள் போகும்போது மட்டுமே தேவைப்படும்.

கேள்வி: பல்லடத்தைச் சேர்ந்த நான் ஷார்ஜாவில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நோன்பு மாதத்தில் எனக்கும் வேலை நேரம் குறையும் என்கிறார்கள். நோன்பிருக்காத நான் அதை ஏற்பது சரியா? எகிப்தியரான என் மேலாளர் தம் வீட்டில் நோன்பு திறக்க அழைத்திருக்கிறார். அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை என்ன?
– பல்லடம் வாசகர், ஷார்ஜா

பதில்: முதல் கேள்விக்கு விடை எளிது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டம், ரமலான் மாதத்தில் தனியார் துறை ஊழியர்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் குறைக்கிறது. நோன்பிருப்பவர், இல்லாதவர் என்ற பாகுபாடு அதில் இல்லை. எனவே அது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓமானில் நிலைமை வேறு: அங்கே நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்ற குறைப்பு முஸ்லிம் ஊழியர்களுக்கு மட்டுமே சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. மிச்சமாகும் நேரத்தில் உங்களால் ஒரு நல்லது செய்ய முடியும். மாலை நான்கு மணிக்கு மேல் கூட்டம் வைக்காதீர்கள். மண்டையைக் குடையும் விலைப் பேச்சுகளையெல்லாம் முற்பகலில் முடித்துவிடுங்கள். கடைசிப் பத்து இரவுகளில் பலர் விடிய விடியத் தொழுகையில் இருப்பார்கள், காலையில் அவர்கள் அசதியாக இருந்தால், "தூங்கவில்லையா?" என்று கிண்டல் செய்யாதீர்கள். பெருநாள் விடுமுறையில் அங்கே அலுவலகங்கள் அடைத்துவிடும். திருப்பூரில் உள்ள உங்கள் ஆட்கள் அந்த வாரத்தில் சாம்பிளுக்கு ஒப்புதல் கேட்டு நச்சரிக்காதபடி முன்பே தகவல் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முஸ்லிமான சக ஊழியர் ஒருவர் பகலில் தண்ணீர் குடிப்பதைக் காண நேர்ந்தால், "நீங்கள் நோன்பு இல்லையா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நோயாளிகள், பயணிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. அக்கறையாகக் கேட்பதாக நினைத்து ஒரு பெண்ணைக் கூட்டத்தின் நடுவில் கூனிக் குறுக வைத்துவிடுவோம். பகலில் வெளியே பொட்டலம் பிரித்தவர்களைவிட இந்தக் கேள்வியைக் கேட்டவர்களே அதிகம் மனத்தைப் புண்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம்.

மேலாளர் வீட்டு அழைப்பைத் தட்டாதீர்கள். நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளிப்பதைப் பெரும் நன்மையாகக் கருதும் மார்க்கம் அது. பிற சமயத்து விருந்தினரையும் அவர்கள் அதே மனத்தோடுதான் அழைக்கிறார்கள். நம் கல்யாண விருந்துக்குப் போவதுபோல் அரைமணி நேரம் தாமதித்துப் போய் நிற்கக் கூடாது. மஃரிப் எனப்படும் அந்தி நேரத் தொழுகைக்கான பாங்குக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். அந்த நேரத்தில் எல்லோரும் வீட்டுக்கு விரைவதால் சாலையில் வண்டிகள் பறக்கும். ஆகவே நன்றாக முன்கூட்டியே கிளம்புங்கள். பாங்கு கேட்கும்வரை தட்டில் கை வைக்காதீர்கள். பேரீச்சம் பழமும் தண்ணீரும் எடுத்து நோன்பு திறந்த பிறகு பெரும்பாலும் ஆண்கள் தொழுகைக்கு எழுவார்கள். அவ்வேளையில் நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், தொழுபவரின் முன்னால் குறுக்கே நடக்காமல் இருந்தால் சரி. அதன் பிறகே முழு விருந்து. வலக்கையால் உண்ணும் வழக்கம் நமக்குப் புதிதில்லை. வெறுங்கையோடு போக வேண்டாம்: நல்ல பேரீச்சம் பழப் பெட்டியோ, ஊரிலிருந்து வந்த கச்சாயமோ, ஊத்துக்குளி நெய்யில் செய்த இனிப்போ கொண்டுபோங்கள். ஜெலட்டின் கலந்த மிட்டாய்களைத் தவிர்த்துவிடுங்கள்; அது எந்த விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஐயத்தை அவர்கள் தலையில் ஏற்றக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் தராவீஹ் எனப்படும் ரமலான் இரவுத் தொழுகைக்கு அவர் கிளம்ப வேண்டியிருக்கும். குறிப்பறிந்து விடைபெறுங்கள்.

கோவை கோட்டைமேட்டிலோ உக்கடத்திலோ பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை வாங்கிக் குடித்த பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதே கஞ்சியை அங்கே தேடி ஏமாற வேண்டாம். அது தமிழ்நாட்டு முஸ்லிம்களின் கைப்பக்குவம். ஷார்ஜாவில் நம் ஊர் முஸ்லிம் நண்பர் ஒருவர் வீட்டில் கிடைத்தால்தான் உண்டு.

கேள்வி: பெருந்துறையைச் சேர்ந்த நாங்கள் சைவ உணவுக்காரர்கள். ஓமானில் நிஸ்வா நகரில் இருக்கிறோம். நோன்புப் பெருநாளுக்கு ஓமானிய அண்டை வீட்டார் அழைத்திருக்கிறார்கள். புலால் உண்ணாததைச் சொன்னால் வருந்துவார்களா? பெருநாள் எந்தத் தேதி என்றுகூட யாரும் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்கிறார்கள்!
– பெருந்துறை வாசகர், நிஸ்வா

பதில்: தேதியை அவர்கள் மறைக்கவில்லை, ஐயா. ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை தென்பட்டதா என்று பார்த்த பிறகே அந்தந்த நாடு பெருநாளை அறிவிக்கும். 2025இல் ஐக்கிய அரபு அமீரகம் மார்ச் 30 அன்று பெருநாள் கொண்டாடியது. பக்கத்திலிருக்கும் ஓமான் முப்பது நோன்பையும் நிறைவு செய்து மார்ச் 31 அன்று கொண்டாடியது. ஆகவே கோவைக்கு விமான டிக்கெட் எடுப்பதானால் ஒரு நாள் தள்ளியே எடுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, போன பிறகு தட்டைத் தள்ளி வைப்பதைவிட, முதல் நாளே பணிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இந்தியர்களோடு நெடுங்காலம் பழகிய ஓமானியர்களுக்குச் சைவ உணவு தெரியாத ஒன்றல்ல. பெருநாளில் அவர்கள் பெருமையோடு படைப்பது ஷுவா: மசாலா தடவிய இறைச்சியை இலையில் சுற்றி, நிலத்தடிக் குழி அடுப்பில் ஓரிரு நாள் வேகவைப்பார்கள். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஹரீஸ் என்பதுதான் நம்மை ஏமாற்றும். கோதுமைப் பொங்கல் போலத் தோன்றினாலும் அதில் இறைச்சி கரைந்திருக்கும். பருப்பு சூப்பாகத் தெரியும் ஷோர்பாவையும் கேட்டுவிட்டே தொடுங்கள். சர்க்கரை, மாவுச்சத்து, நெய், குங்குமப்பூ, பன்னீர் சேர்த்துக் கிண்டும் ஓமானிய அல்வா உங்களுக்கும் ஏற்றது. அதைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, சிறு கோப்பையில் ஊற்றித் தரும் கஹ்வா என்ற அரபுக் காப்பியை அருந்துங்கள். போதும் என்றால் கோப்பையை இலேசாக அசைத்துக் காட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறுமனே நீட்டினால் மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

காலையில் அவர்கள் பெருநாள் தொழுகைக்குப் போய்விட்டு உறவினர் வீடுகளுக்கும் செல்வார்கள் என்பதால், அவர்கள் குறித்த நேரத்துக்கே போங்கள். "ஈத் முபாரக்" என்று வாழ்த்தினால் போதுமானது. எதிரே பெண்கள் இருந்தால், அவர்களாகக் கை நீட்டாதவரை நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொல்லுங்கள். வீட்டுக் குழந்தைகளுக்கு ஈதியா எனப்படும் பெருநாள் காசு கொடுப்பது அங்கே வழக்கம். புதுத் தாள்களாக நூறு பைசா நோட்டுகள் சிலவற்றை இரண்டு நாள் முன்னதாகவே வங்கியில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாளில் கிடைப்பது கடினம்.