ஹாட் ராடுக்கு ஹீட்டர் போடணுமா வேணாமா? வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஹாட் ராட்னா 1930-கள் பக்கத்து பழைய காரை எடுத்து, கனமானத கழட்டி, பெரிய இன்ஜின் போட்டு நாமளே கட்டற வண்டி. குளிர் எட்டிப்பாக்க ஆரம்பிச்சதுமே எனக்கு வர்ற கேள்வியில பாதிக்கு மேல ஹீட்டர் பத்திதான் இருக்கு. எல்லாருக்கும் தனித்தனியா எழுத முடியல, மன்னிச்சுக்கோங்க. முக்கியமானதை மட்டும் இங்க சேர்த்திருக்கேன். படிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க, ஹீட்டர்ங்கறது கால் குளிருக்குன்னு நெனச்சு முடிவெடுக்காதீங்க, முன் கண்ணாடிக்குன்னு நெனச்சு முடிவெடுங்க, அப்ப பாதி குழப்பம் தானா தீந்துடும்.

அண்ணே, நான் மிச்சிகன்ல இருக்கேன். 1930 ஃபோர்டு மாடல் ஏ கூப் (ரெண்டு கதவு, கூரை வச்ச கார்), செவி 350, அதாவது செவ்ரோலே வி8 இன்ஜின் போட்டு கட்டிக்கிட்டு இருக்கேன், இன்னும் பெயின்ட் அடிக்கல. ஏப்ரல்லேந்து அக்டோபர் வரைக்கும்தான் வண்டிய வெளிய எடுப்பேன். ஹீட்டர் தேவையா?

கண்டிப்பா தேவை தம்பி. ஏப்ரல், அக்டோபர்னு சொல்றீங்களே, அந்த ரெண்டு மாசம்தான் பிரச்சனையே. ஜனவரியில பனி உருகறதுக்காக ரோடு முழுக்க உப்பு கொட்டிக் கிடக்கும், அப்ப ஆசையா கட்டின வண்டிய எவனும் வெளிய எடுக்க மாட்டான். ஆனா அக்டோபர்ல பகல்ல நல்ல வெயிலா இருக்கேன்னு கெளம்பிப் போவோம், திரும்பும்போது இருட்டிடும், மழை புடிச்சுக்கும், அங்கதான் மாட்டுவோம்.

எனக்கே நடந்தது. என்கிட்ட இருந்த 32 ஃபோர்டு கூப்ல கூரைய 3 இஞ்ச் வெட்டி எறக்கியிருந்தோம், ஹீட்டர் கிடையாது. கொலம்பஸ்லேந்து டொலிடோ போற ரூட் 23-ல ராத்திரி மழை. உள்ள நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பேரும் போட்டிருந்த ஜாக்கெட் ஈரம். பத்து நிமிஷத்துல கண்ணாடி உள்பக்கம் பால் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. ஒரு கையில ஸ்டியரிங், இன்னொரு கையில துணி. தொடச்ச இடத்துல ஒரு நிமிஷம் தெரியும், அப்பறம் ஓரத்துலேந்து மறுபடி மூடிக்கிட்டே வரும். துணி ஈரமானதும் தொடைக்கத் தொடைக்க கோடு கோடா இழுவுது, எதிர்ல லாரி வந்தா அந்த கோடு ஒவ்வொண்ணும் லைட்ட புடிச்சு கண்ணாடி முழுக்க வெளிச்சமா பரவுது, ரோட்டோட வெள்ளக்கோடு எங்க இருக்குன்னே தெரியல. சின்ன கண்ணாடி வேற, மூடிக்கிச்சுன்னா பாக்க வேற இடமே இல்ல. ஒரு பெட்ரோல் பங்க்ல ஒதுக்கி நிறுத்தி மழை விடற வரைக்கும் உக்காந்திருந்தோம். அடுத்த சீசனுக்குள்ள ஹீட்டர் போட்டாச்சு.

உங்க வண்டிக்கு ஒரு முக்கியமான விஷயம். மாடல் ஏ-ல பெட்ரோல் டேங்க் டேஷ்போர்டுக்கு மேல, கண்ணாடிக்கு முன்னாடி இருக்கற கவுல்ங்கற பகுதியிலயே இருக்கும், நம்ம முழங்காலுக்கு நேர் மேல. பெட்ரோல் தானா கார்ப்பரேட்டருக்கு எறங்கட்டும்னு அப்படி வச்சிருந்தாங்க. அந்த டேங்க் அங்கயே இருந்தா ஹீட்டர் பெட்டிக்கும், கண்ணாடிக்கு சூடு காத்து விடற டீஃப்ராஸ்ட் குழாய்க்கும் இடம் கெடைக்கறது ரொம்ப கஷ்டம். 350 போடறீங்கன்னா எப்படியும் பெட்ரோல் பம்ப் வைக்கணும், டேங்க்க பின்னாடி மாத்திடுங்க, இடமும் கெடைக்கும், மடிக்கு மேல பெட்ரோலும் இருக்காது. 32 ஃபோர்டுல டேங்க் கம்பெனிலேந்தே பின்னாடிதான், அவங்களுக்கு இந்தக் கவலை இல்ல.

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே ஹீட்டர் பெட்டிய வச்சுப் பாத்து ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் நாம உக்காற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்) ஓட்டை போட்டுடுங்க. பெயின்ட் முடிஞ்ச ஃபயர்வால்ல ட்ரில் வைக்கறப்ப கை நடுங்கும். அதோட டீஃப்ராஸ்ட் வாயும் கண்ணாடிக்கு கீழ சரியா வருதான்னு பாருங்க, ரெண்டு பக்கமும் வேணும். காலுக்கு மட்டும் காத்து அடிக்கற பெட்டி வாங்கினீங்கன்னா காசு தண்டம்.

சார், சான் டியாகோ. கூரை இல்லாத 29 ரோட்ஸ்டர். ஹீட்டர் போட்டா பிரயோஜனம் உண்டா?

வேணாம். மேல தெறந்த வண்டியில சூடு நிக்காது, கண்ணாடில மூச்சும் தேங்காது. ராத்திரி பாலைவனப் பக்கம், மலைப் பக்கம் போறதா இருந்தா சீட் ஹீட்டர் துணி ஒண்ணு உக்காற இடத்துக்கு கீழ போட்டுக்கோங்க, அது இழுக்கற கரண்ட் கொஞ்சம்தான், சூடு நேரா உடம்புக்கு வரும். நல்ல ஜெர்க்கின் போட்டுக்கோங்க. அந்த ஊர்ல அவ்ளோ போதும்.

அண்ணா, நாங்க பென்சில்வேனியால இருக்கோம். என் வீட்டுக்காரர் 34 ஃபோர்டு கட்டறார். "ஒரிஜினல் ஹாட் ராட்ல ஹீட்டரே கெடையாது, போட்டா அது ஹாட் ராடே இல்ல"ன்னு பிடிவாதமா இருக்கார். குழந்தையோட அதுல உக்காறப் போறது நான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.

சகோதரி, இத அப்படியே அவர்கிட்ட காட்டுங்க. அவர் சொல்றதுல பாதி உண்மை, அந்தப் பாதிய நானும் மதிக்கிறேன். இந்த வண்டிங்க பொறந்தது தெற்கு கலிஃபோர்னியால, முரோக், எல் மிராஜ் மாதிரி காஞ்ச ஏரிங்கள்ல. பசங்க வேகம் போறதுக்காக மட்கார்ட், கூரை, பம்பர்னு எதெல்லாம் கனமோ அதெல்லாம் கழட்டி வீசினாங்க. அங்க ரேஸ் நடத்தற எஸ்.சி.டி.ஏ. சங்கம் 1937-ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் எல் மிராஜ்ல நடத்தறாங்க. அந்த வெயில்ல ஹீட்டர் எதுக்கு? கழட்டினது அந்த ஊருக்கு சரி.

ஆனா அதே காலத்துல குளிர் ஊர்ல இருந்தவங்க என்ன பண்ணாங்கன்னு பாருங்க. ஃபோர்டு வி8 1932-ல வந்தப்ப ஹீட்டர் தனியா காசு குடுத்து வாங்கி மாட்டற சாமான்தான். வட்டமா, முன்னாடி குட்டிக் கதவு வச்சு, டேஷ்போர்டுக்கு கீழ தொங்கற சுடுதண்ணி ஹீட்டர் (இன்ஜின்ல சூடான தண்ணிய ஹோஸ் வழியா எடுத்து காத்த சூடாக்கறது) கடைங்கள்ல வித்துச்சு, ஆர்வின் மாதிரி கம்பெனிங்க பண்ணாங்க. 1938-ல நாஷ் கார்ல வெளிக்காத்த இழுத்து வடிகட்டி சூடாக்கி உள்ள விடற ஹீட்டரே வந்துடுச்சு. அதனால 34-ல ஒரு பழைய வட்ட ஹீட்டர் தொங்கினா அது அந்தக் காலத்துக்கு பொருத்தமான சாமான்தான், யாரும் குறை சொல்ல முடியாது. பழைய கூட்டுக்குள்ள புது கோரும் (சுடுதண்ணி ஓடற குட்டி ரேடியேட்டர்) 12 வோல்ட் மோட்டாரும் போட்டு குடுக்கறவங்க இருக்காங்க, வெளிலேந்து பாத்தா வித்தியாசமே தெரியாது.

குழந்தை உக்காறப் போற வண்டி. அதுக்கு மேல நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

சிகரெட் லைட்டர்ல சொருகற 12 வோல்ட் ஹீட்டர் 150 வாட்ஸ்னு போட்டு விக்கறாங்க. பைப் வேலையே இல்லாம முடிஞ்சுடுமே?

முடியாதுங்க. 150 வாட்ஸ்ங்கறது, சூட்ட அளக்கற பி.டி.யு. கணக்குல மணிக்கு சுமார் 500 பி.டி.யு. சாதாரண சுடுதண்ணி ஹீட்டர் 20,000 பி.டி.யு. குடுக்கும், வாட்ஸ் கணக்குல கிட்டத்தட்ட 5,900. அவ்ளோ சூட்ட 12 வோல்ட்ல எடுக்கணும்னா 480 ஆம்ப்ஸுக்கு மேல வேணும், எந்த ஆல்டர்னேட்டர் குடுக்கும்? தண்ணியில வர்ற சூடு இன்ஜின் எப்படியும் வெளிய தள்ற சூடு, காத்து தள்ற ப்ளோயர் மோட்டாருக்கு மட்டும்தான் கரண்ட். அந்த பிளக் ஹீட்டர் காச கூலண்ட் (இன்ஜின குளிர்விக்கற தண்ணி) ஹோஸுக்கு போடுங்க.

பழைய மாடல் ஏ மேனிஃபோல்டு ஹீட்டர் ஒண்ணு சந்தையில கெடச்சுது. எக்ஸாஸ்ட் சூட்டுலேயே காத்து சூடாகி உள்ள வருது, தண்ணி பைப்பே தேவையில்ல. மாட்டலாமா?

மாட்டாதீங்க. அலமாரியில அழகுக்கு வைங்க. அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட, அதாவது இன்ஜின் புகை வெளிய வர்ற இரும்புக் குழாய, சுத்தி ஒரு தகரக் கூடு, அதுக்குள்ள போற காத்து சூடாகி ஃபயர்வால் ஓட்டை வழியா நேரா நம்ம கால்கிட்ட வரும். மேனிஃபோல்ட்ல மயிரிழை விரிசல் விட்டாலோ, கேஸ்கெட் கொஞ்சம் லீக் ஆனாலோ கார்பன் மோனாக்சைடும் அதே வழியில உள்ள வரும். அதுக்கு வாசனையும் கெடையாது, நிறமும் கெடையாது. தலவலிக்கும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், களைப்புன்னு நெனச்சுப்போம். குளிருக்கு ஜன்னல் எல்லாம் ஏத்தி வேற விட்டிருப்போம். தொண்ணூறு வருஷப் பழைய வார்ப்பிரும்ப நம்பி இந்த ரிஸ்க் எடுக்கறது எனக்கு மனசே ஒப்பல. பெட்ரோல் எரிச்சு சூடு குடுக்கற பழைய சவுத் விண்ட் ஹீட்டருக்கும் இதே பதில்தான், உள்ள எரியற அறை துருப்பிடிச்சு ஓட்டையாகியிருந்தா வெளிலேந்து தெரியாது.

எந்த ஹீட்டர் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி, பேட்டரில ஓடற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு சின்னதா வாங்கி வண்டிக்குள்ள வைங்க. எக்ஸாஸ்ட் பைப் சீட்டுக்கு கீழயே முடியற வண்டிங்கள நெறைய பாத்திருக்கேன், அவங்க கட்டாயம் வைக்கணும்.

ஹீட்டர் போட்டாச்சு, ஆனா வெதுவெதுன்னுதான் காத்து வருது. செவி 350. என்ன தப்பு?

வண்டி நல்லா சூடானதும் ஆஃப் பண்ணிட்டு, ஃபேன் நின்னதுக்கப்பறம், ஃபயர்வால்கிட்ட ரெண்டு ஹோஸையும் ஒவ்வொரு கையால ஜாக்கிரதையா தொட்டுப் பாருங்க. ரெண்டும் நல்ல சூடா இருந்தா தண்ணி ஓடுது, கோளாறு காத்துப் பக்கம், ப்ளோயரோ கதவோ பாருங்க. ஒண்ணு சுட்டு இன்னொண்ணு பச்சத்தண்ணி மாதிரி இருந்தா கோர் அடச்சிருக்கு, இல்ல வால்வு தெறக்கல, இல்ல உள்ள காத்து மாட்டியிருக்கு. ஹீட்டர் கோர் ரேடியேட்டர் மூடிய விட ஒசரத்துல இருந்தா காத்து அங்க போய் உக்காந்துக்கும், ஆறின இன்ஜின்ல வண்டி மூக்க மேட்டுல ஏத்தி நிறுத்தி கூலண்ட் ஊத்துங்க, காத்து வெளிய போயிடும்.

ரெண்டுமே வெதுவெதுப்புன்னா தெர்மோஸ்டாட்ட, அதாவது தண்ணி இவ்ளோ சூடானதும்தான் ரேடியேட்டருக்கு விடற வால்வ, பாருங்க. சூடாயிடுமோன்னு பயந்து 160 ஃபாரன்ஹீட் போட்டிருப்பாங்க, சில பேரு கழட்டியே வீசியிருப்பாங்க. 180 போடுங்க, ரேடியேட்டர் ஒழுங்கா இருந்தா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. ஃபோர்டோட பழைய ஃப்ளாட்ஹெட் வி8 இன்ஜின் வச்சிருக்கவங்க கவனிங்க, அதுல ரெண்டு தெர்மோஸ்டாட், ஒரு பக்கத்துக்கு ஒண்ணு. ஒண்ண மட்டும் மாத்திட்டு சூடு வரலன்னு தலைய பிச்சுக்காதீங்க.

ஹோஸ் மாட்ற முறையும் பாருங்க. இன்ஜின் மேல இருக்கற இன்டேக் மேனிஃபோல்டுலேந்து சூடு தண்ணி ஹீட்டருக்குப் போகணும், ஹீட்டர்லேந்து வாட்டர் பம்ப்புக்கு திரும்பணும். தண்ணிய நிறுத்தற ஷட்ஆஃப் வால்வு, ஹீட்டருக்குப் போற லைன்ல இருக்கணும், திரும்பற லைன்ல இல்ல.

ஷட்ஆஃப் வால்வு இல்லாம விட்டா என்ன?

ஜூலைல தெரியும். ப்ளோயர் ஆஃப்ல இருந்தாலும் சுடுதண்ணி கோர்ல சுத்திக்கிட்டே இருக்கும், டேஷ்போர்டுக்கு கீழ அடுப்பு வச்ச மாதிரி கால் வேகும். வால்வு வெல பெருசில்ல, போட்டுடுங்க.

சட்டப்படி ஹீட்டர் கட்டாயமா?

அமெரிக்காவுல கண்ணாடிப் பனிய நீக்கற டீஃப்ராஸ்டர் புதுக் கார்ல இருக்கணும்னு ஃபெடரல் விதி வந்ததே 1968-லதான், 30-கள்ல வந்த ஒரிஜினல் பாடி வண்டிக்கு அது பொருந்தாது. ஆனா ஸ்டேட் இன்ஸ்பெக்‌ஷன் ஒவ்வொரு ஊருக்கும் வேற. ஃபைபர் பாடில புதுசா கட்டின வண்டின்னா இன்னும் வேற மாதிரி பதிவு பண்ணுவாங்க. உங்க ஸ்டேட் மோட்டார் வாகன ஆபீஸ்ல கட்டறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஹீட்டர் ஆன் பண்ணா கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் பூசின மாதிரி ஆகுது, ஒரு மாதிரி இனிப்பு வாசனை வேற வருது. கார்ப்பெட் புதுசு, அதோட நாத்தமா?

கார்ப்பெட் இல்லங்க, ஹீட்டர் கோர் ஒழுகுது. அந்த இனிப்பு வாசனை கூலண்ட்டோடது, அது ஆவியாகி கண்ணாடில படியுது, துணியால தொடச்சா இன்னும் இழுவும். பாசஞ்சர் பக்கம் கார்ப்பெட்ட தூக்கி அடியில கை வச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு ஈரம் இருக்கும். புது கோர் வர்ற வரைக்கும் ரெண்டு ஹோஸையும் ஹீட்டர்லேந்து கழட்டி ஒண்ணோட ஒண்ணா சேத்து க்ளாம்ப் போட்டுடுங்க, வண்டி ஓடும். ஆனா மழை நாள்ல மட்டும் எடுக்காதீங்க. வீட்ல நாய், பூனை இருந்தா கீழ சிந்தினத உடனே கழுவிடுங்க, அந்த இனிப்புக்கு நக்கிடும், கொஞ்சம் போனாலே அதுங்களுக்கு உயிருக்கு ஆபத்து.