காப்புரிமை விண்ணப்பம் என்ன ஆயிற்று? கோப்பை நீங்களே பார்க்கலாம்

கேள்வி: வக்கீல் ஐயா அவர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி பேட்டையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பத்தமடைப் பாய்க்குக் கோரையைக் கீறிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 2023 பிப்ரவரியில் ஓர் ஏஜென்ட் மூலம் தற்காலிக விவரக்குறிப்புடன் (கண்டுபிடிப்பைப் பற்றிய முதற்கட்ட விவரத்துடன்) காப்புரிமைக்கு விண்ணப்பித்தேன். 2024 ஜனவரியில் முழு விவரக்குறிப்பையும் தாக்கல் செய்துவிட்டதாகச் சொன்னார். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. அவருக்குப் பணம் அனுப்பிய வங்கி ரசீதைத் தவிர என்னிடம் எந்தக் காகிதமும் இல்லை. விண்ணப்ப எண்கூடத் தெரியாது. விண்ணப்பத்தை அலுவலகம் பரிசோதிக்க வேண்டும் என்று 31 மாதத்துக்குள் கோராவிட்டால் விண்ணப்பம் போய்விடும் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாமா, நேரே சென்னைக்குப் போய்க் கேட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டிய தகவலில் பெரும்பகுதி காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில், ஏஜென்டின் தயவு இல்லாமல், கட்டணமும் இல்லாமல் பார்க்கக் கிடைக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிக் கிண்டி அலுவலகத்துக்குப் போனாலும், விண்ணப்ப எண் இல்லாமல் அங்கே யாரும் எளிதில் உதவ முடியாது. ஆகவே எண்ணைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

2016 முதல் இந்தியக் காப்புரிமை விண்ணப்ப எண் 12 இலக்கம் கொண்டது. முதல் நான்கு இலக்கம் ஆண்டு. ஐந்தாவது இலக்கம் அலுவலகம், சென்னைக்கு 4. ஆறாவது விண்ணப்ப வகை, சாதாரண விண்ணப்பத்துக்கு 1. மீதி ஆறும் வரிசை எண். தமிழ்நாட்டு விண்ணப்பதாரருக்குரிய அலுவலகம் சென்னையே என்பதால் உங்கள் எண் 202341 என்றுதான் தொடங்க வேண்டும். முழு விவரக்குறிப்புக்கும் அதே எண்தான் தொடரும். இணையதளத்தில் இன்பாஸ் எனப்படும் தேடல் பக்கத்தில் விண்ணப்பதாரர் பெயர், கண்டுபிடித்தவர் பெயர், தலைப்பு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். அங்கே எல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் நம் ஊர்ப் பெயர்களுக்குச் சிறிது பொறுமை தேவை. சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுவார்கள். இனிஷியலை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவார்கள். சிலர் தந்தை பெயரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கோரை, பாய் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைத் தலைப்பிலும் சுருக்கக் குறிப்பிலும் தேடுங்கள். பத்தமடைப் பாய் என்று தேடி, அதன் புவிசார் குறியீட்டுப் பதிவைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். அந்தப் பதிவகமும் கிண்டியில் அதே வளாகத்தில் இருந்தாலும், பதிவேடு வேறு, சட்டமும் வேறு.

இந்தத் தேடலில் ஒன்றும் கிடைக்காமல் போனால் அதுவும் ஒரு தகவல்தான். காப்புரிமைச் சட்டம் 1970 இன் 11ஏ பிரிவின்படி விண்ணப்பம் 18 மாதம் கழித்து, வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியிடப்பட வேண்டும். உங்கள் விண்ணப்பத்துக்கு அந்தக் காலம் 2024 ஆகஸ்டில் முடிந்தது. ஆனால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்த 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தராவிட்டால், 9(1) பிரிவின்படி விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அப்படிக் கைவிடப்பட்டது வெளியிடப்படாது. ஆகவே எத்தனை விதமாகத் தேடியும் உங்கள் விண்ணப்பம் வெளிவந்தவற்றில் அகப்படவில்லை என்றால், 2024 ஜனவரியில் தாக்கல் நடந்ததாக ஏஜென்ட் சொன்னது உண்மைதானா என்று சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சட்டத்திலேயே வழி உண்டு. 153 ஆம் பிரிவும், 2003 ஆம் ஆண்டு காப்புரிமை விதிகளில் 134 ஆம் விதியும், குறிப்பிட்ட சில தகவல்களைக் காப்புரிமை அலுவலகத்தின் தலைமை அதிகாரியான கட்டுப்பாட்டாளரிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வழிசெய்கின்றன. தற்காலிக விவரக்குறிப்பைத் தொடர்ந்து முழு விவரக்குறிப்பு தாக்கலானதா, அல்லது விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டதா என்பது அந்தப் பட்டியலில் நேரடியாகவே இடம்பெறுகிறது. உங்கள் பெயர், முகவரி, கண்டுபிடிப்பின் தலைப்பு, தாக்கல் செய்த மாதம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, அந்த விதிகளின் முதல் அட்டவணையில் உள்ள கட்டணத்தைச் செலுத்திக் கேளுங்கள்.

எண் கிடைத்துவிட்டால் விண்ணப்ப நிலையைக் காட்டும் பக்கத்தில் அதை இட்டுப் பாருங்கள். விண்ணப்பதாரர் பெயர் இருக்கும் வரியை முதலில் படிக்கச் சொல்வேன். அங்கே உங்கள் பெயருக்குப் பதிலாக ஏஜென்டின் பெயரோ அவர் சார்ந்த நிறுவனத்தின் பெயரோ இருந்தால் வழக்கின் போக்கே மாறிவிடும். கண்டுபிடிப்பு உங்களிடமிருந்து முறைகேடாக எடுக்கப்பட்டது என்ற அடிப்படையில், வெளியீட்டுக்குப் பின், காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன், 25(1) பிரிவின் கீழ் எதிர்ப்பு மனு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு உடனே வழக்கறிஞரை நாடுங்கள்.

அடுத்துப் பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். அலுவலகக் கடிதங்கள் எல்லாம் அங்கேதான் போகும். பெரும்பாலும் அது ஏஜென்டின் முகவரியாகவே இருக்கும். உங்களுக்கு ஒரு கடிதமும் வராததற்குக் காரணமும் அதுவாகவே இருக்கலாம். கெடு என்னவோ கடிதத்தில் உள்ள தேதியிலிருந்துதான் ஓடுகிறது, ஏஜென்ட் அதை உங்களிடம் சொன்ன நாளிலிருந்து அல்ல.

பரிசோதனை கோரிய தேதி என்ற இடம் காலியாக இருந்தால் பதற வேண்டியதில்லை. நீங்கள் படித்த 31 மாதக் கெடு, 2024 மார்ச் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளுக்குப் பின் தாக்கலான விண்ணப்பங்களுக்கு உரியது. உங்களுடையது அதற்கு முந்தையது என்பதால், 2023 பிப்ரவரி தாக்கல் தேதியிலிருந்து 48 மாதம், அதாவது 2027 பிப்ரவரி வரை, 18 ஆம் படிவத்தில் கோரலாம். தனிநபருக்கு இணைய வழியில் கட்டணம் 4,000 ரூபாய். அந்தக் கெடுவும் தவறினால் 11பி(4) பிரிவின்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும் என்பதால், கடைசி மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

முதல் பரிசோதனை அறிக்கையின் தேதி என்ற இடத்தில் ஒரு தேதி இருந்தால்தான் அவசரம். அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், அறிக்கையில் அலுவலகம் எழுப்பிய ஆட்சேபணைகளுக்குப் பதில் தர வேண்டும். அந்த ஆறு மாதம் முடியுமுன் 4 ஆம் படிவத்தில் கேட்டால் மேலும் மூன்று மாதம் வரை நீட்டிப்புப் பெறலாம். ஆவணங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினால், வெளியிடப்பட்ட விண்ணப்பத்தின் கோப்பில் உள்ள படிவங்களும், விவரக்குறிப்பும், வரைபடங்களும், அலுவலகக் கடிதங்களும் வரிசையாக வரும். எல்லாவற்றையும் இறக்கிவைத்து, தேதி வாரியாக அடுக்கிப் படியுங்கள். ஏதேனும் இணையத்தில் திறக்காவிட்டால் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் பெறலாம். நீதிமன்றத்துக்குப் போகும் நிலை வந்தால் எப்படியும் அந்த நகல்தான் வேண்டும்.

நிலை என்ற வரியில், ஆட்சேபணைகளுக்குக் கெடுவுக்குள் பதில் தராததால் 21(1) பிரிவின் கீழ் கைவிடப்பட்டதாக இருந்தாலும் உடனே நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். முகவரின் தவறால் கெடு தவறியதும், விண்ணப்பதாரர் தொடர்ந்து அக்கறையோடு இருந்ததும் ஆவணங்களால் தெரியும்போது, தில்லி உயர் நீதிமன்றம் 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்கில் விண்ணப்பங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுத் தாக்கல் செய்ய நேர்ந்தால் உங்களுக்கும் அந்தத் தீர்ப்பு துணையாகும். அந்த வங்கி ரசீதையும், ஏஜென்டுக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் பத்திரமாக வையுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை, 10 ரூபாய் மனுவுக்குப் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு; ஆறு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு மாதத்தை இப்படி இழப்பது வீண். மேலும், வேறொரு சட்டம் கட்டணத்துடன் வழங்கும் ஆவணத்தை அந்தச் சட்டத்தின் வழியேதான் பெற வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2012 இல், கம்பெனிப் பதிவாளர் ஆவணங்கள் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. அதே காரணத்தைச் சொல்லி உங்கள் மனுவையும் திருப்பிவிடலாம். 153 இன் கீழ் கேட்டும் பதிலே வராவிட்டால், அந்தக் கோரிக்கை மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்பதற்கு மட்டும் இந்த மனுவைப் பயன்படுத்துங்கள்.

ஏஜென்ட் மீது நடவடிக்கை என்பதை விண்ணப்பத்தைக் காப்பாற்றிய பிறகு வைத்துக்கொள்ளலாம். காப்புரிமை முகவர்களின் பதிவேடும் அதே இணையதளத்தில் இருப்பதால், அவர் பெயர் அதில் உள்ளதா என்று மட்டும் இப்போதே பார்த்துவிடுங்கள். பதிவு பெற்றவராக இருந்து தொழில் ஒழுங்கீனம் நிரூபணமானால், 130 ஆம் பிரிவின் கீழ் பெயரை நீக்கும் அதிகாரம் கட்டுப்பாட்டாளருக்கு இருக்கிறது. புதிய முகவரை அமர்த்துவதாயின் 26 ஆம் படிவத்தில் புதிய அதிகாரம் கொடுத்து, பழைய அதிகாரத்தை ரத்து செய்வதாகவும் அதில் எழுதுங்கள். முகவர் வேண்டாம் என்றால் நீங்களே தபாலிலும் தாக்கல் செய்யலாம், காகித வழிக்குப் பத்து சதவீதம் கூடுதல் கட்டணம். எந்த வழியானாலும், பதிவில் உள்ள மின்னஞ்சலையும் முகவரியையும் உங்களுடையதாக மாற்றக் கோரும் விண்ணப்பத்தை முதல் கடிதத்தோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

ஒருவேளை முழு விவரக்குறிப்பு தாக்கலாகவே இல்லை என்று பதில் வந்தால், புதிதாக விண்ணப்பிக்கலாமா என்பது, இயந்திரத்தை இதற்குள் யாருக்காவது விற்றிருக்கிறீர்களா அல்லது வெளியில் இயக்கிக் காட்டியிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. அந்த விவரத்தைத் தேதிகளோடு எழுதி அனுப்பினால்தான் அதற்கு மேல் நான் சொல்ல முடியும்.