நலம் அறிய: பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. ஐந்து மாதங்களுக்கு முன்பு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டு, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினோம். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். மணிக்கட்டை லேசாகத் தூக்குகிறார், விரல்களும் சிறிது விரிகின்றன. ஆனால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இடுப்பெலும்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முதுகுத்தண்டில் செலுத்தினால் மூளை சரியாகிவிடும் என்று வெளியூர்த் தனியார் மருத்துவமனை ஒன்றில் சொல்லி, சில லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். குணமானவர்களின் வீடியோவையும் காட்டினார்கள். கிணற்றடி நிலத்தை விற்றுவிடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: நிலத்தை விற்காதீர்கள். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்; அதைப் பற்றிய ஆய்வு பொய்யானது என்பதால் இதைச் சொல்லவில்லை. உலகெங்கும் தேர்ந்த மருத்துவர்கள் அதில் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பக்கவாதத்தைப் பொறுத்தவரை அது இன்னும் ஆய்வாகத்தான் இருக்கிறதே தவிர, சிகிச்சையாகவில்லை.

உங்களிடம் சொல்லப்பட்ட அதே இடுப்பெலும்பு மஜ்ஜை செல்களை வைத்து நம் நாட்டிலேயே ஓர் ஆய்வு நடந்து, 2014-இல் அதன் முடிவு வெளியானது. ஐந்து மருத்துவமனைகளைச் சேர்ந்த 120 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அவரவர் மஜ்ஜை செல்களை ரத்த நாளம் வழியே செலுத்தினார்கள். மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. உண்பது, குளிப்பது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இரு பிரிவினரின் சராசரியும் 63-ஐ ஒட்டியே இருந்தது. செல் பெறாதவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பக்கவாதம் வந்த முதல் மாதங்களில் மூளை தானாகவே ஓரளவு மீள்கிறது; அந்தச் சமயத்தில் ஊசி போட்டிருந்தால் பெயர் ஊசிக்குப் போய்விடும். நீங்கள் பார்த்த வீடியோக்களில் இருப்பவர்கள் உண்மையிலேயே நடந்திருக்கலாம். ஊசி இல்லாமலும் நடந்திருப்பார்களா என்பதை எந்த வீடியோவாலும் காட்ட முடியாது. பின்னர் ஜப்பானில் 206 பேரிடம், பக்கவாதம் வந்த ஒன்றரை நாளுக்குள் பிறர் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

செலுத்தப்படும் செல்கள் மூளைக்குப் போய்ப் புது நரம்பணுக்களாக மாறி ஓட்டையை அடைத்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். மஜ்ஜை செல்கள் பெரும்பாலும் அப்படி வேலை செய்வதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைத் தணித்து, எஞ்சிய நரம்பணுக்களுக்குத் துணைசெய்யக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

முதுகுத்தண்டில் செலுத்துவதை எண்ணித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பக்கவாதத்துக்காக நாடு நாடாகச் சென்று முதுகுத்தண்டு நீரில் செல்களை ஏற்றிக்கொண்ட ஓர் அமெரிக்கருக்கு, தண்டுவடத்தில் பிறருடைய செல்களால் ஆன கட்டி வளர்ந்தது 2016-இல் மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. உங்கள் தந்தைக்குச் சொந்தச் செல்கள்தானே என்று சமாதானம் சொல்வார்கள். வெளியே எடுத்துப் பதப்படுத்தும்போது கிருமி சேராது என்று யார் உறுதி தருவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கலாம். ஆய்வென்றால் அதற்குப் பதிவு எண் இருக்கும். நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். பில் போட்டால் அது ஆய்வல்ல, வியாபாரம்.

இனி, உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த வரி: மணிக்கட்டு உயர்கிறது, விரல்கள் சிறிது விரிகின்றன என்பது. இப்படி அசைவு மிச்சமிருப்பவர்களுக்கு, நல்ல கைக்குக் கையுறை மாட்டி ஓய்வு கொடுத்துவிட்டு, பலவீனமான கையையே நாளுக்குப் பல மணி நேரம் வேலை வாங்கும் பயிற்சி உண்டு. பலன் தரும் என்று ஆய்வுகளில் தெரியவந்த முறை அது. தட்டில் புளியங்கொட்டைகளைப் பரப்பி ஒவ்வொன்றாய்க் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள்; பழைய சட்டையை மடியில் விரித்துப் பெரிய பொத்தானிலிருந்து தொடங்குங்கள். கம்பு ஊன்றி நடக்கிறவர் என்பதால் உட்கார்ந்தபடியே செய்யட்டும். முறையை முதலில் பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து வகுக்க வேண்டும். மதுரைக்கு அடிக்கடி வந்துபோக முடியாவிட்டால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையையும் ஒருநாள்கூட விடக்கூடாது.

கேள்வி: பேரக்குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால், பக்கவாதம் வந்த தாத்தாவுக்குப் பயன்படுமா?
– வாசகி, மேலூர்

பதில்: பயன்படாது. அந்த ரத்தம் இன்று உதவுவது ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற சில நோய்களுக்குத்தான். கட்டணம் கட்டச் சொல்லி வருகிறவர்களிடம், பக்கவாதத்துக்கு அனுமதிக்கப்பட்ட சிகிச்சை என்பதை எழுத்தில் தரும்படி கேட்டுப் பாருங்கள்.