டிவிடெண்ட் நிறையக் கொடுக்கிற பங்கு: அடுத்த வருடமும் கொடுக்குமா?

கேள்வி: அண்ணே, ஒரு பங்கு 18 சதவீதம் டிவிடெண்ட் ஈல்டு காட்டுகிறது. பேங்கில் இதில் பாதி கூட வட்டி இல்லை. வாங்கிப் போடலாமா? (தெற்கு மாசி வீதி, பாத்திரக் கடை)

பதில்: அந்த 18 எப்படி வந்தது என்று பாருங்கள் தம்பி. போன வருடம் லாபத்திலிருந்து ஒரு பங்குக்குக் கொடுத்த தொகையை (அதுதான் டிவிடெண்ட்) இன்றைய விலையால் வகுத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான். 10 ரூபாய் கொடுத்த பங்கு 200 ரூபாயில் இருந்தால் 5 சதவீதம், அது 100க்கு விழுந்தால் 10 சதவீதம், ஆனால் கம்பெனி ஒரு பைசா கூட்டித் தரவில்லை. சுரங்க, உலோகக் கம்பெனியான வேதாந்தா 2022-23இல் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. 2023 மார்ச் கடைசியில் பங்கின் விலையே 300க்குக் கீழேதான். அந்த டிவிடெண்டில் பெரும்பகுதி போகிற தாய்க் கம்பெனிக்கு அப்போது பெரிய கடன் சுமை. அடுத்த வருடம் கிடைத்தது 29.50. 101ஐ நம்பி வாங்கியவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கேட்காது.

கேள்வி: பங்குக்கு 20 ரூபாய் லாபம், 12 ரூபாய் டிவிடெண்ட். இது பாதுகாப்புதானே சார்? (திருமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: கணக்கில் லாபம் இருக்கும், கையில் காசு இருக்காது சார். மாட்டுத்தாவணியில் மல்லிகையைக் கடனுக்கே விற்கிற வியாபாரிக்கு நோட்டில் லாபம்தான், சாயங்காலம் கல்லாவைத் திறந்தால்தான் நிலைமை தெரியும். ஆண்டறிக்கையில் கேஷ் ஃப்ளோ பக்கத்தைத் திறந்து, தொழிலில் வந்த பணத்திலிருந்து மெஷின், கட்டடத்துக்குப் போட்டதைக் கழியுங்கள். டிவிடெண்ட் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு தடவை நானே இதைப் பார்க்காமல் ஏமாந்தேன். வந்தது 400 கோடி, ஆலை விரிவாக்கத்துக்கு 320, டிவிடெண்ட் 150. துண்டு விழுந்த 70 கோடி எங்கிருந்து வந்தது என்று தேடினால், அதே பக்கத்தில் கீழே புதுக் கடன் என்று இருக்கிறது. கடன் வாங்கி எனக்கு டிவிடெண்ட் கொடுத்திருக்கிறார்கள்! மறுவருடம் பாதியாகக் குறைத்தார்கள், விலையும் கூடவே இறங்கியது. ஒரு வருடம் துண்டு விழுந்தால் பரவாயில்லை, ஐந்து வருடத்தில் மூன்று வருடம் விழுந்தால் அந்தப் பங்கு வேண்டாம்.

கேள்வி: அரசு கம்பெனி என்றால் பயமில்லைதானே? (மேலூர்)

பதில்: லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடனைக் கழித்த மிச்சம்) 4 சதவீதம், இதில் எது அதிகமோ அதையாவது கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் சொல்கிறது. சரி, ஆனால் லாபமே குறைந்தால்? நிலக்கரி, உலோகம், கச்சா எண்ணெய் எல்லாம் விலை ஏறி இறங்குகிற சரக்கு. வைகையில் தண்ணீர் ஓடுகிற மாதத்தை வைத்து வருடம் முழுக்க நாற்று நட முடியுமா? மோசமான வருடங்களையும் சேர்த்து ஏழெட்டு வருடச் சராசரியை எடுங்கள்.

கேள்வி: எக்ஸ்-டேட்டுக்கு (அன்று முதல் வாங்குகிறவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) முந்தின நாள் வாங்கி, டிவிடெண்டை எடுத்துக்கொண்டு மறுநாள் விற்றால்?

பதில்: கிட்டத்தட்ட அந்த அளவுக்கு அன்றே விலை இறங்கிவிடும். 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்டுக்கு வரி உங்கள் தலையில்தான். வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்காரருடைய பிஎஃப் பணம் முழுவதையும் டிவிடெண்ட் பங்கில் போட்டு மாதச் செலவைப் பார்க்கலாமா தம்பி? (செல்லூர்)

பதில்: முழுவதையும் போடாதீர்கள் அம்மா. அரசு கம்பெனிக்குச் சொன்ன அந்த வழிகாட்டுதலை விட்டால், டிவிடெண்ட் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கம்பெனிக்கும் கட்டாயம் இல்லை. கம்பெனியின் போர்டு (இயக்குநர் குழு) வேண்டாம் என்றால் அந்த வருடம் நின்றுவிடும். குறைந்தது இரண்டு வருடச் செலவுக்கான பணம் பேங்கிலேயே இருக்கட்டும். மீதியில் ஒரு பகுதிக்கு எந்தப் பங்குகளை நினைத்திருக்கிறீர்கள் என்று பெயரை மட்டும் எழுதுங்கள், அவற்றின் கேஷ் ஃப்ளோ பக்கத்தை நான் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.